அப்பா எடுத்த கீபோர்டு, மகள் முடித்த கிரேடு: வடசென்னையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நான்காவது ஐந்தாவது படிக்கும்போது சேர்வார்கள், லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் இரண்டு மூன்று கிரேடு (படிநிலை) முடிப்பார்கள், பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுவார்கள். "பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் வரேன் மிஸ்" என்று சொல்லிப் போகிறவர்களில் திரும்புகிறவர்கள் அபூர்வம். பதினொன்று, பன்னிரண்டு, கல்லூரி என்று காலம் ஓடிவிடும். கீபோர்டு உறை போட்டு பீரோ மேல் ஏறிவிடும்.

பெரியவர்கள் வருவது குறைவு. வருகிறவர்கள் முதல் நாளில் சொல்லும் காரணங்களை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சர்ச்சில் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். டாக்டர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். சின்ன வயதில் ஆசை இருந்தது, வசதி இல்லை. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் ஒருவர் வந்துகொண்டிருந்தால் அவரை வரவைப்பது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று பிடிபட்டால்தான் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடிகிறது.

ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் என்னிடம் படித்த காலத்தை இங்கே பதிவு செய்கிறேன். ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் முதல்முறை கட்டையில் கைவைத்தவர். மற்றவர் சிறு வயதில் கற்று, விட்டு, இருபத்து மூன்றில் திரும்பியவர். அப்பாவும் மகளும். இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

அப்பா சேர்ந்தது

அவர் ஐடிஐ ஃபிட்டர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறார். மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். தண்டையார்பேட்டையில் வீடு. மகள் சிறுமியாக இருந்தபோது அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார். வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் தந்தி பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். மகள் மூன்று கிரேடு முடித்து, நான்காவதின் நடுவில் பத்தாம் வகுப்புக்காக நின்றாள்.

2022-இல் ஒருநாள் தனியாக வந்தார். "ஃபீஸு கட்னதெல்லாம் வீணாப் போவுது மிஸ். அவதான் வரல, மிச்சத்த நான் வந்து முடிச்சுக்கிறேனே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கேலியாகச் சொல்லவில்லை. சேர்க்கைத் தாளில் 'ஏன் கற்க விரும்புகிறீர்கள்' என்ற இடத்தில், வீட்டில் கீபோர்டு சும்மா கிடக்கிறது என்று எழுதினார்.

சேர்த்துக்கொள்வதற்கு முன் சின்னச் சோதனை ஒன்று வைப்பேன். நான் நான்கைந்து சுரங்களை வாசிப்பேன், அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அவர் பாடியது அப்படியே சுருதியில் நின்றது. மகள் பழகிய பாடங்களில் ஒன்றை வாசித்தபோது, "இந்த எடத்துலதான் அவ எப்பவும் தடுக்குவா" என்று சரியான இடத்தில் கை காட்டினார். படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்த ஆண்டுகளில் காது தன் வேலையைச் செய்திருக்கிறது. காத்திருக்கும் பெற்றோரில் இப்படிப் பலர் உண்டு என்பது என் அனுபவம். யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

முதல் மாதங்களில் கண்டது

பெரியவர்களுக்கு முதலில் இடிப்பது இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்வது. வலக்கை நகர்ந்தால் இடக்கையும் கூடவே நகரப் பார்க்கும். இவரிடம் அந்தத் தொல்லை மிகக் குறைவாக இருந்தது. கேபினில் இரு கைக்கும் ஒவ்வொரு ஜாய்ஸ்டிக். ஒன்றில் தூக்குவதும் இறக்குவதும், மற்றதில் முன்னும் பின்னும் நகர்த்துவதும். இரண்டையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேகத்தில் இயக்கித்தான் சம்பாதிக்கிறார். அந்தப் பழக்கம்தான் உதவியது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்களை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் பயிற்சிகளை அவர் வாரங்களில் தாண்டினார்.

அதே தொழில் கொண்டுவந்த கெட்ட பழக்கமும் உண்டு. கிரேன் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் கண்ணாடி வழியே கீழே பார்த்தபடி முன்னால் குனிந்து வேலை செய்கிறார். பியானோவிலும் அதே குனிவு. கழுத்து வளைந்து, கண் விரல்களை விட்டு நகராது. விரலைப் பார்த்தால் இசை எழுதிய தாளைப் படிக்க முடியாது. தாளைப் பார்த்தால் விரல் நின்றுவிடும். புத்தகத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினேன். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு ஐந்து விரலுக்குள் அடங்கும் சிறு பாடங்களை மட்டும் வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு வேர்த்துவிட்டது. "பெட்டி எங்க கீதுன்னு தெரியாம எறக்கச் சொல்றீங்க மிஸ்" என்றார். ஆனாலும் விடவில்லை. துண்டை எடுத்தபின் கழுத்து நிமிர்ந்தது.

தாள் படிப்பதில் நான் எதிர்பார்த்த தடை வரவில்லை. சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஐந்து கோடும் அதன் மேல் புள்ளிகளும் எந்த மொழியிலும் இல்லை. மேலே போனால் சுரம் உயரும், வலமாகப் போனால் நேரம் நகரும் என்று சொன்னதும், "டிராயிங் மாதிரி" என்று பிடித்துக்கொண்டார். ஐடிஐயில் மெஷின் டிராயிங் படித்தவருக்கு இது தெரிந்த உலகம்.

கைக்கு வராமல் இருந்தது மெதுவாக அழுத்துவதும் பலமாக அழுத்துவதும். வீட்டில் இருந்தது 61 கட்டை கீபோர்டு. பிளாஸ்டிக் கட்டை, கீழே ஸ்பிரிங். தட்டினால் ஒலி, அவ்வளவுதான். பியானோவின் உயிரே அழுத்தத்தில்தான் இருக்கிறது. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்ற கருவி செய்பவர் உருவாக்கியது அதைத்தான். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் கம்பியை நோக்கி வீசப்படும், அடித்த கணமே பின்வாங்கிவிடும். விரல் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறதோ அதைப் பொறுத்து ஒலி கூடும், குறையும்.

இதை வாயால் விளக்கிப் பயனில்லை என்று என் பழைய அப்ரைட் (செங்குத்துப் பெட்டி) பியானோவின் முன்பலகையைக் கழற்றிக் காட்டினேன். ஒரு மணி நேர வகுப்பு அதிலேயே போனது. கட்டையை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே சுத்தியலைக் கவனித்தார். கம்பியை நெருங்கும்போது கட்டையிலிருந்து சுத்தியல் விடுபட்டு, கடைசி இடைவெளியைத் தானாகக் கடப்பதைக் கண்டார். அழுத்தம் போதாவிட்டால் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. "கடைசி கொஞ்சூண்டு தூரம் நம்ம கைல இல்ல" என்றார். கம்பிகள் இருநூற்றுக்கு மேல் இருக்கும், அவற்றின் மொத்த இழுவை பதினைந்து டன்னைத் தாண்டும் என்றேன். நாற்பதடி காலிப் பெட்டி மூணே முக்கால் டன், அப்படியென்றால் நாலு பெட்டி இதுக்குள்ளே தொங்குகிறது என்று கணக்குப் போட்டார். அதற்குப் பிறகு அழுத்தம் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கயிற்றில் ஆடும் பெட்டியை முன்கூட்டியே கணித்து நிறுத்துகிறவருக்கு, வீசிவிட்ட சுத்தியலைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பது உடனே விளங்கியது.

ஷிஃப்டுக்கு ஏற்ற பாடம்

வாரம் ஒருநாள், குறிப்பிட்ட நேரம் என்ற என் வழக்கமான ஏற்பாடு இவருக்குப் பொருந்தவில்லை. மாத ஆரம்பத்தில் ஷிஃப்ட் பட்டியல் கிடைத்ததும் அதை எனக்கு அனுப்பச் சொன்னேன். அதைப் பார்த்து வகுப்புகளை வைத்தோம்.

பட்டியலையும் வகுப்புக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் கற்ற புதுப் பகுதி அடுத்த வகுப்பில் காணாமல் போயிருந்தது. பகல் ஷிஃப்ட் வாரத்தில் கற்றது நின்றது. புதிய விரல் வரிசையைப் பழகிவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தால் அது மேலும் கைவசமாகியிருக்கும் என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பகலில், தெருச் சத்தத்தில், விட்டு விட்டுத் தூங்குகிறவருக்கு அந்த உதவி குறைவாகவே கிடைக்கும். எனவே நைட் வாரத்தில் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். தெரிந்த பாடங்களை மெதுவாக வாசிப்பது, கேட்பது, கை தட்டித் தாளம் எண்ணுவது மட்டும். பார்த்தால் வேகம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் கற்றதையே திரும்பத் திரும்பக் கற்க வேண்டிய நிலை இல்லாமல் போனது. "மறந்துபோச்சு மிஸ், வயசாயிடுச்சு" என்ற பேச்சும் நின்றது. வயதின் மேல் போடப்பட்ட பழியில் பாதி தூக்கத்துக்குச் சேர வேண்டியது.

உண்மையான காரணம் தெரிந்த இடம்

ஓராண்டு நெருங்கியபோது, முதல் கிரேடு தேர்வு எழுதலாமே என்று கேட்டேன். டிரினிட்டி தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. பிள்ளைகளுக்கு அது ஒரு இலக்கு, பெரியவர்களில் பலருக்கும் அப்படித்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பின்பு வகுப்புக்கு வருவது குறைந்தது. ஷிஃப்ட் காரணம் சொன்னார். பட்டியல் என்னிடமும் இருந்ததால் அது காரணமில்லை என்று தெரிந்தது.

திரும்பி வந்த அன்று அவரே ஆரம்பித்தார். கிரேனில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு மூவ். மணிக்கு இருபத்தைந்து, முப்பது என்று எண்ணிக்கை. யார் எத்தனை என்பது ஷிஃப்ட் முடியும்போது எல்லாருக்கும் தெரியும். கப்பல் தாமதமானால், லாரி வராவிட்டால், காற்று அடித்தால், எல்லாம் அந்த எண்ணில் வந்து விழும். "அங்கயும் நம்பர். இங்க வந்து உக்காந்தா யாரும் எண்ணல மிஸ். நூத்துக்கு எவ்ளோன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தா, இதுவும் டூட்டி ஆயிடும்."

வீணாகும் ஃபீஸும் தூசி படிந்த கீபோர்டும் அவரை என் வாசல்வரை கொண்டுவந்தன. உட்காரவைத்தது இதுதான். எண்ணப்படாத ஒரு வேலை அவருக்கு வேண்டியிருந்தது. அதுவும் சோம்பி இருப்பதற்கில்லை. கடினமான வேலையாகவும் இருக்க வேண்டும், யாரும் கணக்கெடுக்கவும் கூடாது.

தேர்வுப் பேச்சை விட்டேன். பாடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும், எப்போது முடிந்தது என்பதையும் அவரே சொல்லட்டும் என்று வைத்தேன். இதில் ஆபத்து இல்லாமலில்லை. இலக்கு இல்லாத மாணவர் கைக்கு வந்ததையே வாசித்துக்கொண்டு தேங்கிவிடுவார். அதனால் ஸ்கேல் எனும் சுர வரிசை, கட்டைவிரலை மற்ற விரல்களின் அடியில் கடத்துவது, இடக்கையில் பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டுகள் ஆகியவற்றைத் தனிப் பயிற்சியாகத் தராமல், அவர் எடுத்த பாடத்தில் அவை தேவைப்படும் இடத்தில் மட்டும் தந்தேன். ஒரு பழைய சினிமாப் பாட்டின் இடைக்கால இசைக்காக அவர் பழகிய இடக்கை வரிசை, ஸ்கேல் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

மகள் திரும்பியது

அப்பா அப்போது பழகியது ஜி மேஜர் மினுவெட் என்ற பழைய நடன இசை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் மனைவிக்காக 1725-இல் தொடங்கிய இசைக் குறிப்பேட்டில் இருக்கும் 32 பார் (தாளப் பகுதி) கொண்ட சிறிய பாடம். நெடுங்காலம் பாக் எழுதியதாகவே வழங்கிவந்தது. உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். உலகம் முழுக்கத் தொடக்க மாணவர்கள் வாசிப்பது. மகளும் பதின்மூன்று வயதில் வாசித்திருந்தாள்.

பொறியியல் முடித்து, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பணியில் மகள் இருந்தாள். அப்பா இரவில் வாசிக்கும்போது அடுத்த அறையிலிருந்து "எஃப் ஷார்ப், நைனா!" என்று குரல் வரும் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பார். ஒரு சனிக்கிழமை அவளே கூட வந்தாள். "நைனாவுக்கு ஃபிங்கரிங் சரியில்ல மிஸ். அதச் சொல்லத்தான் வந்தேன்." உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன்.

விரல்கள் முதல் 16 பாரை நிற்காமல் ஓடின. அவளுக்கே ஆச்சரியம். இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் நின்றன. அங்கிருந்து தொடரச் சொன்னால் முடியவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் நின்றாள். தாளைக் காட்டியபோது எந்தச் சுரம் என்று சொல்ல நேரமெடுத்தது. விட்டுத் திரும்புகிறவர்களிடம் இதை வழக்கமாகக் காண்கிறேன். கையின் நினைவு சங்கிலியாக இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் நடுவில் நுழைய வழியில்லை. தாள் படிக்கும் திறன்தான் முதலில் தேய்கிறது, வாசிக்க முடிகிறது என்ற நம்பிக்கை அதை மறைத்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவரைவிடத் திரும்புகிறவருக்கு வேதனை அதிகம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பா எட்டு பார் வாசித்தால் நேற்று ஏழு வாசித்தேன் என்று மகிழ்கிறார். மகள் பதினாறு வாசித்தும் முகம் வாடுகிறது, ஏனென்றால் பதின்மூன்று வயதில் முப்பத்திரண்டையும் வாசித்தாள்.

அவளிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை. சில வகுப்புகள் கழித்து அவளே சொன்னாள். அவர்கள் வீட்டு ஹாலில் மூன்று கிரேடு சான்றிதழ்களும் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கின்றன. நான்காவதற்கும் சேர்த்து அப்போதே அப்பா ஆணி அடித்துவிட்டார். "அந்த ஆணி எட்டு வருஷமா சும்மா இருக்கு மிஸ். சாப்பிடும்போதெல்லாம் கண்ணுல படுது."

தந்தைக்கு எண்ணிக்கை வேண்டாம். மகளுக்கு அந்த எண் வேண்டும். ஒரே வீடு, ஒரே கருவி, எதிரெதிர் தேவை. மகளுக்குத் தேர்வுப் பாடம்தான் என்று முடிவு செய்தேன். பெரியவர்களுக்குத் தேர்வே கூடாது என்று பேசும் ஆசிரியர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. பாதியில் நின்றதை முடிக்க வருகிறவருக்கு முடிவு என்று ஒன்று கண்ணில் தெரிய வேண்டும்.

பழைய பாடங்களை மூடிவைத்தோம். அவற்றைத் தொட்டால் பழைய கை மட்டும்தான் ஓடும். இரண்டு கிரேடு கீழே உள்ள எளிய பாடங்களை நாள்தோறும் புதிதாகப் பார்த்து வாசிப்பது, எந்தப் பாடத்தையும் முதலிலிருந்து தொடங்காமல் நான் சொல்லும் பாரிலிருந்து தொடங்குவது என்று முதல் இரண்டு மாதம் போனது. நான்காம் கிரேடுக்கு அவள் அன்று பாதி பழகியிருந்த புத்தகத்தை ஆசையோடு கொண்டுவந்தாள். பாடத்திட்டம் மாறிவிட்டது, அந்தப் பாடங்கள் இப்போது செல்லாது என்று சொன்னபோது கண் கலங்கினாள். பின்னால் பார்க்கும்போது அது நல்லதாகவே முடிந்தது. மூன்று பாடங்களும் புதியவை, ஒப்பிட்டுப் பார்க்கச் சிறுமி யாரும் இல்லை. திறன் திரும்பிய வேகம் அவளையே வியக்கவைத்தது. அன்று ஓராண்டு எடுத்த ஸ்கேல்கள் சில வாரங்களில் வந்தன.

கருவி

இருவர் வாசிக்கத் தொடங்கியதும் 61 கட்டை போதாமல் போனது. நான்காம் கிரேடுப் பாடங்களை ஸ்பிரிங் கட்டையில் பழகிவிட்டுத் தேர்வில் பியானோ முன் உட்கார்ந்தால் விரல் திணறும்.

பெரம்பூரில் ஒரு குடும்பம் பழைய அப்ரைட் பியானோவை விற்பதாக அவர்களுக்குத் தகவல் கிடைத்தது. ராயபுரத்தில் 1856-இல் ரயில் நிலையம் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, ரயில்வே வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தப் பக்கம் வேரூன்றின. அந்த வீடுகளில் பியானோ இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்கள் விட்டுச் சென்ற கருவிகள் இன்னும் சில இங்கே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்பாவுக்கு அதன்மேல் ஆசை. கிரேன்காரருக்கு இருநூறு கிலோவைத் தாண்டும் பியானோ பயமுறுத்தும் எடையில்லை.

நான் வேண்டாம் என்றேன். முதல் மாடி வீடு, திரும்ப முடியாத படிக்கட்டு. கடல் காற்று கம்பியிலும், கம்பியை முறுக்கிப் பிடிக்கும் ஆணியிலும் துரு ஏற்றும். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். கரையான் வந்தால் வெளியே தெரியும்போது உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது. சுருதி சேர்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எல்லாவற்றுக்கும் மேல், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு வாசிக்கிறவருக்கு ஹெட்ஃபோன் போட வழி வேண்டும். அதே மாடியில் இன்னும் இரண்டு குடித்தனம் இருக்கிறது.

88 கட்டை, சுத்தியலின் எடையைப் போலச் செய்யும் டிஜிட்டல் பியானோ வாங்கினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. பாதியை மகள் தன் சம்பளத்தில் கொடுத்தாள். "புள்ளைக்கு வாங்குனத இந்த மனுஷன் எடுத்தாரு, இந்த மனுஷனுக்கு வாங்குறதுக்குப் புள்ள காசு குடுக்குறா" என்றார் அவர் மனைவி. சலிப்பாகத்தான் சொன்னார், ஆனால் பீரோ மேல் இடம் காலியானதில் அவருக்குத் திருப்தி.

விரல் மடங்கி நின்றது

எடையுள்ள கட்டைக்கு மாறிய சில மாதங்களில், வலக்கை மோதிர விரல் காலையில் மடங்கியபடியே நிற்கிறது, இழுத்தால் டக்கென்று நிமிர்கிறது என்று அப்பா சொன்னார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விரலை மடக்கும் தசைநார் அதன் உறைக்குள் சிக்கிக்கொள்ளும் இந்தப் பிரச்சினை சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. நாள் முழுக்க ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கை வேறு. பியானோ அதற்குக் காரணமா, ஏற்கெனவே இருந்ததை வெளிக்காட்டியதா என்பதை நான் சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. வலக்கை வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

அந்த வகையில் வடசென்னை கொடுத்துவைத்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. மெஷினில் கை சிக்கியவர்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். அங்கே போனார். இரவில் விரலை நீட்டிவைக்கும் பட்டையும், பிறகு உறைக்குள் ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்தார்கள். ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தே அனுப்பினார்கள். ஏறவும் ஏறியது, இறங்கியது.

அந்த வாரங்களில் அவர் வகுப்பை நிறுத்தவில்லை. இடக்கைப் பகுதியை அவர் வாசிக்க, வலக்கையை மகள் வாசித்தாள். மருத்துவர் அனுமதித்தபின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, மெல்லிய ஒலியில் மட்டும் தொடங்கினோம். விரலை அகட்டிப் பிடிக்கும் பெரிய கார்டுகளை அவர் பாடங்களிலிருந்து எடுத்துவிட்டேன்.

தேர்வும் பிறகும்

மகள் நான்காம் கிரேடு எழுதினாள். மூன்று பாடங்களுக்கு 66, ஸ்கேல் முதலிய நுட்பப் பயிற்சிக்கு 14, துணைத் தேர்வுகள் இரண்டுக்கும் சேர்த்து 20 என்று மொத்தம் 100. அறுபது எடுத்தால் தேர்ச்சி, எழுபத்தைந்துக்கு மெரிட். அவளுக்கு 72. மெரிட்டுக்கு மூன்று குறைவு என்ற வருத்தம் ஒரு வாரம் இருந்தது. சான்றிதழ் ஆணியில் ஏறியது. அடுத்த மாதம், ஆஃபீஸில் புது பிராஜெக்ட் என்று வகுப்பை நிறுத்திக்கொண்டாள்.

"திரும்பவும் விட்டுட்டாளே" என்று அவள் அம்மா என்னிடம் குறைபட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல்முறை அவள் நின்றது பத்தாம் வகுப்புக்காக, மற்றவர்கள் எடுத்த முடிவில். இம்முறை எடுத்த காரியத்தை முடித்துவிட்டு நின்றாள். ஐந்தாம் கிரேடுக்கு இழுத்துப் பிடித்திருந்தால் ஓராண்டுக் கட்டணம் எனக்கு வந்திருக்கும், அவளுக்கு இன்னொரு காலி ஆணி மிஞ்சியிருக்கும். வீட்டில் அவ்வப்போது அப்பாவோடு நான்கு கை வாசிக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். வகுப்புக்கு வருவதில்லை.

அப்பா தொடர்கிறார். மினுவெட்டை முடிந்தது என்று அறிவிக்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு சிறுவன் இரண்டு கிரேடு முடித்திருப்பான். மோதிர விரல் மறுபடி சிக்கவில்லை. நடுவிரலில் காலையில் சிறிது இறுக்கம் இருப்பதாகச் சொல்கிறார், மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்.

இதிலிருந்து மாற்றியவை

பெரியவர்களுக்கான சேர்க்கைத் தாளில் 'ஏன்' என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் செய்யும் தொழில், ஷிஃப்ட், தூங்கும் நேரம், சர்க்கரை, கை கழுத்து வலி ஆகியவற்றைக் கேட்கிறேன். ஏன் என்பதை மூன்றாம் நான்காம் மாதத்தில், வாசித்து முடித்த ஒரு நல்ல நாளில், பேச்சுவாக்கில் கேட்பது போதும். பதிலே சொல்லாவிட்டாலும், எந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறார், எதை வகுப்பு முடிந்தும் எழுந்திருக்காமல் வாசிக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

விட்டுத் திரும்புகிறவர்களை முதல் வகுப்பிலேயே பாடத்தின் நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். எங்கிருந்து கட்ட வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடுகிறது. வீட்டில் முதலிலிருந்து வாசித்து ஏமாறும் வாரங்களும் மிச்சமாகின்றன.

ஸ்பிரிங் கட்டையிலிருந்து எடையுள்ள கட்டைக்கு மாறும்போது, நாற்பது தாண்டியவர்களுக்குப் பயிற்சி நேரத்தை முதல் இரண்டு மாதம் பாதியாக்குகிறேன். பிள்ளைகளுக்கு இது தேவைப்பட்டதில்லை.

கட்டண முறையையும் மாற்றினேன். பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம்தான். பெரியவர்களிடம் வந்த வகுப்புக்கு மட்டும் வாங்குகிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் வராமல் இருந்தால் காசு போகிறதே என்று அரைத் தூக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு யாரும் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே வர வேண்டாம்.